பேரேட்டில் அடித்த எண்

லூசியானாவில் கரும்பு தானாகப் பூப்பதில்லை,
பனி முந்திக்கொள்ளும்.
ஆகவே ஏமாற்றுகிறோம்.
தண்டவாளத்தில் தொட்டி வண்டிகள்;
மாலையில் நான் விசையைத் தட்டினால்
வரிசையாக இருட்டறைக்குள் உருண்டு போகும்.
நாளுக்கொரு நிமிடம் வெளிச்சம் திருடுகிறோம்.
பொழுது சுருங்கிவிட்டதென்று நம்பி
செப்டம்பரில் வெள்ளிக் கதிர் நீட்டும், பாவம்.

ஆண்கதிர் மேலே, பெண்கதிர் கீழே.
துணித்தடுப்புக்குள் கலியாணம்;
மேளமில்லை, மின்விசிறிகூட நிறுத்தியாயிற்று.
பேரேட்டில் பெல்ரான் எழுதுவார்:
அவள் இனிப்பு, அவன் உயரம்,
அவன் வம்சத்தில் எங்கோ ஒரு பேய்க்கரும்பு,
இமயத்து ஆற்றோர முரட்டுப் புல்,
சர்க்கரையும் கிடையாது, சாவும் கிடையாது.

பிள்ளைகளோ
ஒன்றுபோல் ஒன்றில்லை.
நூற்றுச் சொச்சம் குரோமோசோம்;
சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டாலும்
இத்தனை விதமாய் விழாது.
ஒரே கதிரின் பஞ்சில் பிறந்தவற்றில்
ஒன்று மூங்கில்போல் தடித்து உள்ளே பொந்து,
ஒன்று விரலளவோடு நின்றுவிட்ட ஊதா,
ஒன்று தேனாய்ப் பழுத்து முதல் காற்றில் படுத்துவிடும்.

வயலில் எழுபதாயிரம் நாற்று.
மறுதாம்பு தலையெடுத்ததும்
நானும் ஓடெலும் சால் சாலாய் நடப்போம்.
ஒரு தூருக்கு மூன்று நொடி:
தண்டின் பருமன், நிமிர்வு, தோகையில் துரு,
குருத்தில் கரிப்பூட்டையின் கறுப்புச் சாட்டை.
தேறினால் ஊசி குத்தி
ஒரு சொட்டுச் சாறு கருவியின் கண்ணாடியில்,
இன்னொரு சொட்டு என் நாக்கில்.
கரும்பு தின்னக் கூலியா என்பார்களே,
எனக்கு மணிக்குப் பதினேழு டாலர்.
மதியத்துக்குள் வாய் புளித்துவிடும்,
வீட்டில் காப்பிக்குச் சர்க்கரை போடுவதில்லை.

தேறியவை அடுத்த வருடம்
எண்ணும் தகடுமாய் ஆறடி வரிசையாகும்.
இருநூற்றுப் பதினான்கை அடித்தவள் நான்தான்.
மெலிசு. சாறு பதினைந்துக்கு மேல் ஏறவில்லை.
"வேண்டாம்" என்றேன், ஓடெல் கோடு போட்டான்.
அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஜனவரியில் உறைபனி, நான்கு இரவு.
வெட்டாமல் நின்ற கரும்பெல்லாம் வெடித்துப் பிளந்தன.
காலையில் வயல் முழுக்கக் காடி வாசனை.
தேர்வானவற்றில் முக்கால்வாசி
நுனிமுதல் அடிவரை பழுப்பு.
டிராக்டர் திரும்ப இடமில்லாமல்
வாய்க்கால் முனையில் விடுபட்ட ஒரு தூர்
பச்சைக் குருத்தோடு நின்றது.
சீவினேன்: வெள்ளைச் சதை.
கடித்தேன்: அதே பதினைந்து, ஒரு பொட்டும் குறையவில்லை.
தகட்டைத் துடைத்தால் என் கையெழுத்து.

பெல்ரான் பேரேட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.
தாய்வழியில் இல்லை, தந்தைவழியில் இல்லை.
"இது எங்கிருந்து வந்தது, வெர்டின்?"
எனக்கென்ன தெரியும்?
ஏழு தலைமுறையாய் யாரும் கேட்காததால்
சொல்லாமல் இருந்திருக்கும்.

மூன்று கரணை வெட்டி
ஈரச்சாக்கில் சுற்றி வண்டியில் வைத்தேன்.
இனிப்பான ஒருத்தியைப் பார்க்க வேண்டும் அதற்கு.
இனி பன்னிரண்டு வருடம்;
நாலாவதிலேயே கரிப்பூட்டை கொண்டு போகலாம்.
அடித்த எண்ணை அழிக்க ரப்பர் கேட்டேன்.
மை அழியாது என்றார்.
பக்கத்திலேயே, இடம் இருந்த மட்டும்,
பென்சிலில் மறுபடி எழுதினேன்:
இருநூற்றுப் பதினான்கு. மெலிசு.