கல்லைக் கழித்து

ஹட்டன் கிளையில் அடகுப் பிரிவு என்னுடையது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
தராசு, உரைகல், அமிலக் குப்பி, நான்,
என் கழுத்தில் மூன்று வைரச் சங்கிலி.

அட்டியல் இல்லை, பயப்படாதீர்கள்.
முதலாவது காறை எலும்பில் படுத்துக்கொள்ளும்,
கடுகளவு ஒற்றைக் கல்,
பன்னிரண்டு தவணையில் நானே வாங்கியது.
இரண்டாவது டொரொன்டோவிலிருந்து சின்னம்மா அனுப்பியது,
ஐந்து கல் ஒரே கோட்டில்.
மூன்றாவது நீளம், நுனியில் ஒரு பிறை.
அதை யார் தந்தார் என்று இங்கே சொல்லப்போவதில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு வைரமா என்றாள் நிலூகா.
செவ்வாய்க்கிழமைக்குத்தான்.
லொக்கருக்குள் கிடக்கும் கல்லும்
சிங்கமலைக்குள் கிடக்கும் கல்லும்
எனக்கு ஒன்று.

சிக்கல் என்னவென்றால், சிக்கல்தான்.
காலை பஸ்ஸில் டிக்கோயா வளைவு ஒவ்வொன்றிலும்
மூன்றும் ஒன்றையொன்று கட்டிப்பிடிக்கும்.
ஸ்வெட்டர் நூலைக் கல்லின் நகம் பிறாண்டும்.
தேங்காயெண்ணெய் பட்டால் கல் தூங்கிவிடும்.
இரவில் அதை எழுப்ப
பழைய பல்துலக்கி, வெதுவெதுத் தண்ணீர், ஒரு சொட்டு ஷாம்பூ.

இவ்வளவும் செய்துவிட்டு
கண்ணாடிக்கு முன்னால் ஆள் வந்ததும்
ஸிப்பைத் தொண்டைவரை இழுத்துவிடுவேன்.
காதில் கிடந்ததைக் கழற்றித் தருகிறவள் முன்னால்
எந்தக் கழுத்தால் மின்ன முடியும்?

இன்னொன்றும் உண்டு.
என் தராசுக்கு வைரம் தெரியாது.
கல் வைத்த நகை வந்தால்
கல்லைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் காசு.
ஒருநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போனபின்,
என் மூன்றையும் நானே நிறுத்துப் பார்த்தேன்.
கழித்தபின் மிஞ்சியது
வெளியே சொன்னால் சிரிப்பு வரும் தொகை.

ஸ்டெலா புஷ்பம் இந்த வருடம் மூன்றாவது முறை.
அதே கயிற்றுச் சங்கிலி, ஏழு தசம் எட்டு கிராம்.
மாசியில் மகளின் டியூஷன், ஆனியில் கூரைத் தகரம்,
இப்போது மகன் கட்டார் போக ஏஜென்சிக் காசு.
நான் இலக்கம் எழுத
அவள் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஸிப்பத் தெறங்க மிஸ்.
உள்ளுக்க எல்லாம் சிக்கிக் கெடக்கு, துருத்திக்கிட்டு தெரியுது."

கண்ணாடியின் அரைவட்ட ஓட்டைக்குள்
கொழுந்துக் கறை ஏறிய விரல்கள் நுழைந்தன.
என்ன நினைத்தேனோ, குனிந்தேன்.

"மூணும் ஒரே கனமா போட்டா பின்னிக்கும்.
மெல்லிசு மேல. நாலு வெரல் விட்டு அடுத்தது.
நடுவுல கல்லு இல்லாம ஒன்னு போடுங்க.
ரெண்டு கல்லு பக்கத்துப் பக்கத்துல நின்னா
ரெண்டும் சத்தம் போடும், ஒன்னும் கேக்காது."

வரிசை காத்திருந்தது. மேனேஜர் இருமினார்.
கடைசி முடிச்சுக்கு அவளுக்கு மூச்சை அடக்க வேண்டியிருந்தது,
எனக்கும்.
பிறகு கையெழுத்து வைத்து,
காசை இரண்டு தரம் எண்ணிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து என் ஸிப் பாதியில் நிற்கிறது.
ஐந்து கல் ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது.
அதன் இடத்தில் வெறும் தங்கம், நூல் மாதிரி.
கேட்கிறவர்களுக்கு இது கொழும்பு ஸ்டைல் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

மார்கழியில் மீட்க வந்தாள்.
கட்டார் போனானா என்று நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை.
முத்திரையிட்ட உறையைப் பல்லால் கிழித்தாள்.
வெளியே பிரதான வீதி முழுக்க மழை.
ரவிக்கைக்கு மேல் சேலை, சேலைக்கு மேல் மகனுடைய ஸ்வெட்டர்,
அதற்கு மேல் மஞ்சள் மழைக்கோட்டு.
எல்லாவற்றுக்கும் மேலே, கொலரைச் சுற்றி,
சங்கிலியை மாட்டிக்கொண்டாள்.

"எப்பிடி மிஸ்?"

கோட்டுக்குக் கொஞ்சம் கட்டை, என்றேன்.
நாலு விரல் இறக்கினால் நன்றாக இருக்கும்.

"அந்த நாலு வெரல பேங்க்தான் தரணும்"
என்றபடி படியிறங்கினாள்.