ஏழாம் வகுப்பு: பொறுப்பு ஒப்படைப்பு

உலக உருண்டை ஒன்று. அச்சு முறிந்தது,
தென்துருவத்தை ரப்பர் பேண்டு பிடித்திருக்கிறது.
தமிழ்நாடு வரைபடம் ஒன்று. ஏற்காடு எங்கே என்று
விரல் வைத்து வைத்து அந்த இடம் ஓட்டை.
அலமாரிச் சாவி இரண்டு. ஒன்றுதான் திறக்கும்.

இருப்புப் பதிவேட்டில் இவ்வளவுதான்.
கையெழுத்துப் போடுமுன், புதிதாக வரும் டீச்சர்,
பதிவேட்டில் ஏறாதவற்றையும்
எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் முப்பத்தொரு பேர்.
சேர்வராயன் மட்டும் இரண்டு.
குட்டையாக இருப்பவன் பெரிய சேர்வராயன், நெட்டையன் சின்னவன்.
அவர்களே பேசி முடித்தது. மாற்றாதீர்கள்.

பத்தரை மணிவாக்கில் மூடுபனி சன்னல் வழியாக உள்ளே வரும்.
வந்த புதிதில் எழுந்து எழுந்து சாத்தினேன்.
சாத்த வேண்டாம்.
கரும்பலகை போகும், முன்பெஞ்சு போகும்.
பாடத்தை நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள்.
அப்படி இருந்த ஒருநாள்
வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல்:
"எனக்கு வகுத்தல் வராது."
கொஞ்ச நேரம் கழித்து வேறு மூலையில்: "எனக்கும்."
அப்புறம் இன்னொன்று.
பனி விலகியபோது யார் சொன்னதென்று யாரும் தேடவில்லை.
முதல் குரல் மாதையனுடையது என்று நினைக்கிறேன்.
நினைப்பதோடு சரி.

தேடிய நாளும் உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன்.
ஆறாம் வகுப்பில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் காணோம் என்று
கதவைச் சாத்தி எல்லாப் பையையும் கொட்டவைத்தேன்.
தரையில் விழுந்தவை:
பாதி கடித்த பேரிக்காய்,
யாருடைய அப்பாவுக்கோ வலிப்பு மாத்திரை,
துணியில் சுற்றிய சத்துணவு முட்டை, வீட்டில் தம்பிக்கு.
பாக்ஸ் மறுநாள் கிடைத்தது.
என் மேசை டிராயரில்,
வருகைப் பதிவேட்டுக்கு அடியில்.

மன்னிப்புக் கேட்டேன். போதவில்லை.
என் கைப்பையை மேசைமேல் கவிழ்த்தேன்.
சீப்பு, பஸ் டிக்கெட், வாந்திக்கு ஒரு எலுமிச்சை
(இருபது கொண்டை ஊசி வளைவும் என் வயிற்றுக்கு மனப்பாடம்),
அப்புறம் மடித்த தாள் ஒன்று.
தர்ஷினி பிரித்துச் சத்தமாக வாசித்தாள்:
"சமவெளிப் பள்ளி ஏதேனும் ஒன்றுக்கு
மாறுதல் வேண்டி..."
யாரும் எதுவும் கேட்கவில்லை.
லூர்து சகாயம்தான் எலுமிச்சையை எடுத்து
டவுசரில் துடைத்து
திரும்பப் பைக்குள் வைத்தான்.

அதன்பின் நான் விண்ணப்பிக்கவே இல்லை.
பழைய தாள் எந்த மேசையிலோ தூங்கி
இப்போது விழித்துக்கொண்டிருக்கிறது.

டிசம்பரில் காப்பிப் பழம் பறிக்க ஏழெட்டுப் பேர் நின்றுவிடுவார்கள்.
பெயரை அடிக்காதீர்கள், வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.
வழுக்கும், நல்ல செருப்புப் போடுங்கள்.
அந்த இடத்தில் யாரும் உட்காரமாட்டார்கள்.
பக்கத்துப் பிள்ளை இரண்டு நோட்டில் எழுதும்,
தப்பையும் சேர்த்து.

எஸ்டேட் லைனிலிருந்து வருகிறாள் ஃபூல்மணி.
ஜார்க்கண்டு. முதல் ஆறு மாதம் பேசவில்லை.
மூடுபனிக்கு அவள் வீட்டில் ஒரு சொல் இருக்கிறது,
வகுப்பு முழுக்க இப்போது அதைத்தான் சொல்கிறது.
இங்கே எழுத மாட்டேன்.
அவளிடம் கேளுங்கள்.

கடைசியாக, அந்த இரண்டாவது சாவி.
எந்தப் பூட்டுக்கும் சேராது, தூக்கி எறிந்துவிடாதீர்கள்.
தினம் ஒருவர் சட்டைப்பையில் இருக்கும்.
சாவி யாரிடமோ அவருக்கு அன்று ஒரே வேலை:
யார் முகம் சரியில்லை என்று பார்ப்பது,
சாப்பாட்டு மணிக்கு அவர் பக்கத்தில் போய் உட்காருவது.
பேச வேண்டும் என்றுகூட இல்லை.

எண்ணிச் சரிபார்த்து ஒப்படைத்தேன்.
ரா. குணசுந்தரி, இடைநிலை ஆசிரியை.

இன்று சாவி சின்ன சேர்வராயனிடம்.
காலையிலிருந்து
என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.