ஏழு ஐம்பத்தொன்பது வரை

அங்கே நவம்பர் முப்பது, இரவு பதினொன்று ஐம்பத்தொன்பது.
இங்கே ஃபஹாஹீலில் அது
டிசம்பர் ஒன்று, காலை ஏழு ஐம்பத்தொன்பது.
நைட் டூட்டி ஏழுக்கு முடியும்.
எனக்கு மிஞ்சுவது
ஒரு மணிக்கு ஒரு நிமிடம் குறைவு.

விண்ணப்பம் முதலில் கேட்பது கடைசிப் பெயரை.
எங்களுக்கு ஏது கடைசிப் பெயர்?
முன்னால் ஒரு 'இ' நிற்கும், அவ்வளவுதான்.
பாஸ்போர்ட்காரன் அந்த 'இ'யை இழுத்து விரித்து
அப்பாவை எனக்குப் பின்னால் நிறுத்திவிட்டான்.
பல்கலைக்கழகத்திலிருந்து வரும் மின்னஞ்சலெல்லாம்
'அன்புள்ள இருளப்பன்' என்றே தொடங்குகிறது.
போனில் சொன்னேன். காரைக்குடி டெப்போவில்
டிக்கெட் பையை மாட்டிக்கொண்டே சிரித்தார்:
"பத்தாவதோட நின்னவன். போற போக்குல
டாக்டர் பட்டமே வாங்கிருவேன் போலயே."

கட்டணம் தொண்ணூற்றைந்து டாலர்.
தினாரில் இருபத்தொன்பது, சின்னதாகத்தான் தெரிந்தது,
ரூம்மேட் ஜோஸ்லின் அதைப் பெசோவாக்கி
நீளமாக ஒரு விசில் அடிக்கும்வரை.

பரிந்துரைக் கடிதங்கள் மூன்று.
மதுரைப் பேராசிரியை பதிலே போடவில்லை.
டாக்டர் ஹிஷாம், "நீயே எழுதி அனுப்பு,
நான் ஏற்றிவிடுகிறேன்" என்றார்.
என்னை நானே புகழ உட்கார்ந்த இரவில்
'நேரம் தவறாதவள்' என்பதைத் தாண்டி
ஒரு சொல் நகரவில்லை.
டயாலிசிஸ் வார்டு சிஸ்டர் லிஸியின் கடிதம் செல்லுமா?
'அன்புள்ள இருளப்பன், செல்லாது.'

பிறகு அந்த ஐந்நூறு வார்த்தை.
ஏன் ஆராய்ச்சி. ஏன் நீ.

சிறுவயதில் மைக்ராஸ்கோப்பைப் பார்த்து வியந்தேன் என்று எழுதினேன்.
பொய். எங்கள் பள்ளி மைக்ராஸ்கோப்பில்
லென்ஸ் இல்லை.

உண்மை என் லாக்கரில் இருக்கிறது,
ஒரு பச்சை நோட்டில், பெயர்கள் இல்லாமல்.
ஜூன் பிறந்ததும்
சாரம் கட்டுகிறவர்கள், தார் ஊற்றுகிறவர்கள்,
அவர்களுடைய குழாய்களில் கிரியாட்டினின் ஏறும்.
எண்பதில் இருக்க வேண்டியது
தொண்ணூற்றாறு. நூற்று இருபத்துநான்கு. நூற்று அறுபத்தெட்டு.
வயது இருபத்தேழு, முப்பத்தொன்று.
சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை.
சிறுநீர் சுலைமானி நிறத்தில்.
மெஷின் சிவப்பில் ஓர் அம்பு போடும்.
சரிபார்த்து அழுத்துவேன். அடுத்த குழாய்.

"அதை எழுதாதே" என்றார் ஹிஷாம், குரலைத் தாழ்த்தி.
"அந்த எண்கள் ஆஸ்பத்திரியுடையவை.
உன் விசாவும்."
அவர் கெட்டவர் இல்லை.
அலெக்சாண்டிரியாவில் மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள்.
நீக்கினேன். ஐந்நூறு, இருநூற்றுத் தொண்ணூறானது.
மீதியில் நான் யாராகவும் இருக்கலாம்.

ஏழு இருபது.
கேன்டீனில் வைஃபை விட்டுவிட்டு வருகிறது.
ஜன்னலில் ரிஃபைனரியின் சுடர்
விடிந்தது தெரியாமல் எரிந்துகொண்டிருக்கிறது.
மைக்ராஸ்கோப்பை அழித்தேன்.
எண்களைத் தொடவில்லை.
எழுதியது இவ்வளவுதான்:
'வெயில் தணிந்ததும் பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீரகம் மீள்கிறது.
சிலருக்கு மீள்வதில்லை.
அதே சாரம், அதே வேலைநேரம், அதே தண்ணீர்க் கேன்.
ஏன் இவர், ஏன் பக்கத்தில் நின்றவர் இல்லை,
எனக்குத் தெரிய வேண்டும்.'
'தெரிய வேண்டும்' என்பது மரியாதைக் குறைவோ?
மாற்ற நேரமில்லை.

ஏழு நாற்பத்தாறு. சமர்ப்பி.
வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது,
கேம்ப் பஸ் ஹாரன் அடிக்கிறது,
ஜோஸ்லின் வாசலிலிருந்து இரண்டு கையையும் ஆட்டுகிறாள்.
'நன்றி, இருளப்பன். மூன்று கடிதங்கள் நிலுவையில்.'

பஸ்ஸில் எல்லாரும் ஸ்வெட்டரில்.
குளிர் வந்து இரண்டு வாரம் ஆகிறது.
ஆனாலும் இன்றைக்கு டூட்டியின் கடைசிக் குழாய்
நூற்று அறுபத்திரண்டு.
லேபிளில் முதல் பெயர் இருந்தது.
கடைசிப் பெயருக்கான இடத்தில்
யாரோ ஒரு புள்ளி வைத்திருந்தார்கள்.