நான்காம் எந்திரத்தின் மூடி

லியெபாயாவில், துறைமுகத்துக்குப் பின்தெருவில்,
காசு போட்டால் சுழலும் ஆறு எந்திரங்கள் என்னுடையவை.
நான்காவதன் மூடிமேல் அக்டோபரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன்:
"துணை வேண்டுமா?"
கீழே கறுப்புக் கட்டங்கள்.
போனைக் காட்டினால் ஒரு கதவு திறக்கும்,
அந்தக் கதவில் என் கடையின் எண் இருக்கும்.

எட்டிப் பார்த்தால் எனக்கு ஒன்றுமில்லை.
பெயர் கொடுத்தால் இரண்டு யூரோ.
பணம் கட்டிச் சேர்ந்தால் பத்தொன்பது.
முப்பது நாளுக்குள் விலகினால்
அந்தப் பத்தொன்பதும் வந்த வழியே போகும்.
கூரை ஒழுகுகிறது, அதனால்தான்.

தரகா, என்று முகம் சுளிக்கிறாள் என் தங்கை ஸைகா.
தரகருக்காவது இரு வீட்டுப் படியும் தெரியும்,
ஒரு வேளைச் சாப்பாடும் கிடைக்கும்.
எனக்குத் தெரிந்தது ஈரத்துணி மட்டும்.
நாற்பது நிமிடம் உட்கார்ந்திருப்பவர்கள்
எதையாவது படிப்பார்கள்:
சோப்பு அளவை, தீயணைப்பான் மேலுள்ள தேதியை.
இதையும் படிக்கட்டுமே.

நவம்பர் மூன்று. ஒருவர் சேர்ந்தார்.
பெயர் சொல்ல மாட்டார்கள்.
ஆனால் கிரேன் ஓட்டும் வில்னிஸ்,
வியாழன்தோறும் ஒரு விரிப்பு, ஒரு தலையணை உறை என்று வருபவர்,
அந்த வாரம் சட்டைக் காலரைக் கையால் தேய்த்துப் போட்டார்.
அடுத்த வாரம் புது விரிப்பு, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல்.
பிறகு
இரண்டு தலையணை உறைகள்.
ஒன்றில் நீலப் பூ.
நான் பார்க்காததுபோல் சில்லறை எண்ணினேன்,
இரண்டு முறை தப்பாக.

இருபத்தேழாம் நாள் செய்தி:
உறுப்பினர் விலகினார். திரும்பப் பெறுவது: பத்தொன்பது.
காரணம் என்ற கட்டம் காலி.

கிடைத்துவிட்டதால் விலகினாரா,
இனிக் கிடைக்காது என்றா?
அவர்கள் கணக்கில் இரண்டுக்கும் ஒரே வரி.

வியாழன் ஏழு மணி. வரவில்லை.
அடுத்த வியாழனும்.
பூ உறைக்காரி வீட்டில் சொந்த எந்திரம் இருக்கலாம்.
அல்லது மனிதர் விரிப்பை மாற்றவே மனமில்லாமல் கிடக்கலாம்.
கிரேன் விளக்கு என் ஜன்னலிலிருந்து தெரியும்.
நகர்கிறது. ஓட்டுபவர் தெரிவதில்லை.
வாளியில் சொட்டு விழுகிறது.

இன்று மூடியைத் துடைக்கும்போது
நகத்தால் ஸ்டிக்கரின் மூலையைக் கிளப்பினேன்.
பாதிதான் வந்தது.
"துணை" போய்விட்டது, "வேண்டுமா?" நிற்கிறது.

ஈரக் குடையோடு வந்த ஒருத்தி அதைப் படித்துவிட்டு,
சோப்பா, என்றாள்.
ஆமாம், என்றேன். எண்பது சென்ட்.