எட்டாம் வீடு

செவ்வாய்க்கிழமை இரவு எட்டரைக்கு
ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடுகிறோம்.
நால்வர். சில வாரம் மூவர்.
கல்மேசையின் சதுரங்கக் கட்டங்கள் மேல்
நான்கு கோப்பிப் பொட்டலம்,
செவ்வாயின் வரைபடம்.

“செவ்வாய் வெறுவாய்,
அன்றைக்கா எதையும் தொடங்குவார்கள்?”
என்றாள் அக்கா.
அன்றைக்குத்தான் கியட் ஹுவாவுக்கு விடுப்பு.

அவர் பேருந்து ஓட்டுகிறார்,
ஒரே வட்டத்தை நாளுக்கு ஒன்பது தடவை.
சுற்றுப்பாதை பழகிவிட்டது என்கிறார்.
நூர் ஹயாத்தி இரவுத் தாதி.
தேவநேசன் கணக்கு மட்டும் போடுவான்:
ஓர் ஆள், ஒரு நாள், எத்தனை லிட்டர்.
எனக்குப் புதுநீர் ஆலையில் வேலை.
ஊர் கழித்த நீரைத் திரும்ப
ஊருக்கே குடிக்கத் தருவது.
அங்கே போனாலும் அதேதான்,
ஊர் மட்டும் சின்னது.

நீ ஏன் போக வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.
கேட்டால் சொல்ல ஒன்று வைத்திருந்தேன்.
எட்டாம் வீட்டில் செவ்வாய்.
என் சாதகம் போய்த் திரும்பிய
பதினான்கு வருடத்தில்
எல்லா வாசலிலும் சொன்ன ஒரே பெயர்.
தேக்கா சோதிடர்
துவரம்பருப்பும் சிவப்புத் துணியும் தானம் தரச் சொன்னார்.
தந்தேன்.
இத்தனை காலம் என் வீட்டில்
வாடகை இல்லாமல் குடியிருந்தவன் வீட்டுக்கு
ஒருமுறை நானும் போய்
கால் நீட்டி உட்கார வேண்டாமா?

ஒட்டுநாடாவால் தரையில் வீடு வரைந்தோம்.
இங்கே படுக்கை. இங்கே கீரை.
சண்டை வந்தால் போய் நிற்க ஒரு மூலை,
நூர் கேட்டு வாங்கியது.
உணவு கொண்டுபோகும் சைக்கிள்காரர்
நேராகச் சுவருக்குள் புகுந்து மறுபக்கம் போனார்.
காற்றெல்லாம் வெளியேறி
நால்வரும் செத்தோம்.
சிரிப்பு அடங்க நேரமானது.

விளக்கு மாற்ற ஏணியோடு வந்த அறந்தாங்கித் தம்பி
மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.
“ஒருவழி டிக்கெட்டா அக்கா?”
ஒருவழிதான்.
“ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டினீங்க?”
நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.
“போன் பேசலாமா?”
பேசலாம். சாப்பிட்டாயா என்று கேட்டால்
பதில் வர நாற்பது நிமிடம்கூட ஆகும்.
அவன் பழைய குழலைக் கழற்றிக்கொண்டே
“பரவால்ல,
எங்க வீட்ல அதவிட லேட்டாகும்” என்றான்.
புது விளக்கு எரிந்தது.
ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு
எங்கள் வாசல் எது என்று பார்த்து
அதன் வழியாக வெளியே போனான்.

நவம்பர் மழையில் கியட் ஹுவாவின் அம்மா போனார்.
அதே கீழ்த்தளத்தில் திரை கட்டினார்கள்.
வட்ட மேசைகள், வேர்க்கடலை,
கையில் எடுத்துப்போகச் சிவப்பு நூல்.
கீரைக்கு ஒதுக்கிய இடத்தில் பெட்டி.
யாரும் திட்டமிடவில்லை, அங்கேதான் ஒழுகவில்லை.

கடைசி இரவு
எதிர்த் திடலில், இரும்புக் கூண்டுக்குள்
காகித வீடு வைத்தார்கள்.
மூன்று மாடி, வாசலில் கார்,
வேலையாள் இருவர், குளிர்பதனப் பெட்டி.
நாற்பது வருடம் மூவறை வீட்டில்
ஆறு பேருக்குச் சமைத்தவருக்கு.

தேவநேசன் என் காதருகே சொன்னான்:
“தண்ணீர்த் தொட்டி வைக்கல.”

கோப்பிக்கடை ரசீதின் பின்பக்கம்
வேகமாக வரைந்தேன்,
தொட்டி, வடிகட்டி, குழாய்,
குழாயின் வாயில் ஒரு துளி.
கியட் ஹுவா வாங்கிப் பார்த்தார்.
“இது குடிக்கலாமா?”
குடிக்கலாம். நான் பார்த்துத்தான் அனுப்புகிறேன்.
இரண்டாம் மாடி ஜன்னலுக்குள் அதைச் செருகினார்.
பிறகு தீ.

அடுத்த செவ்வாய்
நகர மன்றத்து ஆட்கள் ஒட்டுநாடாவைச் சுரண்டியிருந்தார்கள்.
பசை மிஞ்சியிருந்தது.
அதில் தூசி ஒட்டி
வீடு முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.
கியட் ஹுவா கோப்பி வாங்கி வந்தார்,
பழக்கத்தில் ஒன்று கூடுதலாக.
தேவநேசன் கணக்கை எடுக்கவில்லை.
நூர் மட்டும் எழுந்து
தன் மூலையில் போய் நின்றாள்.
யாரோடும் அவளுக்குச் சண்டை இல்லை.