இரண்டு மீட்டர்

மெல்போர்னிலிருந்து வார்னம்பூலுக்கு
மூன்றரை மணி நேர ரயில்.
கடைசிப் பெட்டியின் கடைசி இருக்கையில் கெல்வின்.
நான் நாலு வரிசை தள்ளி.
டிக்கெட் பார்க்க வந்த பையன் கேட்டான்,
சண்டையா?
ஆமாம் என்றேன்.
அதுதான் சுருக்கமான பதில்.

நாற்பத்தோரு வருஷம் வேலி போட்ட ஆள்.
ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு
கம்பமெல்லாம் உளுத்துப்போச்சு என்றார்.
டாக்டர் ஃபரூஜியா சிரிக்கவில்லை.
இடுப்பில், தண்டுவடத்தில், மூன்றாவது விலாவில்
கறுப்புக் கறுப்பாய்.
கொட்டைப்பாக்களவு சுரப்பியில் பிறந்தது
இத்தனை தூரம் நடந்திருக்கிறது.

இரண்டு மருந்து. இரண்டும் கதிர்.
லுட்டீஷியம் முகம் பார்த்துப் போய் ஒட்டும்.
ரேடியம் முகம் பார்க்காது;
சுண்ணாம்புச் சத்தென்று நம்பி
எலும்பே அதை உள்ளே கூப்பிட்டுக்கொள்ளும்.
ஒன்று ஒரு மில்லிமீட்டர் பாயும்.
மற்றது நாலைந்து செல்லுக்குள்
தன் மூர்க்கத்தை முடித்துக்கொள்ளும்.
"சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறோம்."
அந்தப் "பார்க்கிறோம்" என்ற சொல்லை மட்டும்
கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

எலிக்காக வீட்டைக் கொளுத்துவதா?
கேட்கவில்லை.
எங்கள் எலி சுவருக்குள்ளேயே இருக்கிறது.

அவருடைய அளவு நாடாவை எடுத்து
கூடத்தில் இரண்டு மீட்டர் விரித்து வைத்தேன்.
அந்தப் பக்கம் அவர்,
இந்தப் பக்கம் நான்.
தனித் துண்டு, தனிப் படுக்கை,
உட்கார்ந்துதான் சிறுநீர், இருமுறை தண்ணீர்.
ஜிப்புக்கு மட்டும் யாரும் துண்டுப்பிரசுரம் தரவில்லை.
கதவைப் பிறாண்டிப் பிறாண்டி
மரத்தில் ஒரு பள்ளமே போட்டுவிட்டது.

மூன்றாம் இரவு வலி ஏறியது.
ஏறும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.
சொல்லி வந்தாலும் வலி வலிதான்.
நாடாவின் முனையில் கம்பளியோடு உட்கார்ந்தேன்.
இருட்டுக்குள்ளிருந்து அவர்
கோலாக் பக்கம் 1988இல்
பணம் தராமல் ஏமாற்றியவனைத் திட்டிக்கொண்டிருந்தார்,
ஒவ்வொரு கம்பமாக எண்ணி.
இருநூற்றுப் பதினாறில் தூங்கிப்போனார்.

ரத்தப் பரிசோதனை வந்தது.
எண்பத்து நாலு இருந்தது முப்பத்தொன்று.
தட்டணுக்களும் அதே வேகத்தில் இறங்கியிருந்தன.
அடுத்த சுற்றைத் தள்ளிப்போடுகிறோம் என்றார்கள்.
எதற்குச் சந்தோஷப்படுவது என்று தெரியாமல்
இருவரும் டீ போட்டோம்,
தனித்தனிக் கெட்டிலில், பழக்கத்தில்.
தடை முடிந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அன்று ராத்திரி பழைய கட்டிலுக்கு வந்தார்.
இடது பக்கம் வேண்டாம், இடுப்பு நோகிறது என்றார்.
வலது பக்கம் சுற்றிப் போனேன்.
ஜிப் அங்கே படுத்திருந்தது.
ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது,
நகரவில்லை.