முப்பத்தாறாம் மணி

மொண்டெவிடியோவில் ஜூலை என்றால் குளிர்காலம்.
நதியா கடலா என்று ஊர் இன்னும் முடிவு செய்யாத
அந்தப் பழுப்புத் தண்ணீரிலிருந்து காற்று வரும்.
ஆய்வகத்தின் மூன்றாவது ஜன்னல்
ஒருநாளும் முழுதாகச் சாத்திக்கொண்டதில்லை.

நெலிடா எச்சவேரி, நோய்க்குறியியல் துறை.
காலையில் இறந்தவர்களின் ஈரல்களைத் தராசில் வைப்பார்,
பிற்பகலில் எலிகளின் ஈரல்களை.
தராசு வேறு வேறு. முகம் ஒன்றுதான்.

நான் வாஷிங்டன் பீரிஸ்.
பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம்,
எங்கள் தெருவில் மட்டும் மூன்று வாஷிங்டன்கள்.
மெழுகுக் கட்டியிலிருந்து நாலு மைக்ரான் கனத்தில்
சீவல் எடுப்பது என் வேலை.
முப்பத்தோரு வருஷம் சீவினேன்.

மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்த பிறகும்
எலி மறுநாள் காலை தண்ணீர்க் குழாயை நக்கும்.
பத்தாம் நாள் ஈரல் பழைய எடைக்கு வந்துவிடும்.
"வளர்வது பெரிய விஷயமில்லை, வாஷிங்டன்.
புற்றுக்கும் வளரத் தெரியும்.
போதும் என்று இதற்கு யார் சொல்கிறார்கள்?"

அந்த ஒரு கேள்விக்கு
ஒன்பது முறை நிதி கேட்டு எழுதினார்.
இரண்டு முறை கிடைத்தது.
அதில் ஒரு முறை, பணம் வந்த வாரமே பெசோ விழுந்தது.
நுண்ணோக்கி வாங்கப் போனவர்
பல்பு வாங்கிக்கொண்டு வந்தார்.

செல்கள் பிரிவதற்கு அலுவலக நேரம் தெரியாது.
இருபத்துநாலு, முப்பத்தாறு, நாற்பத்தெட்டு.
அதிகாலை மூன்றுக்கு மாத்தே குடுவை
என் கையிலிருந்து அவர் கைக்குப் போகும், திரும்பி வரும்.
அப்படியொரு இரவில்தான்
இரண்டு பெட்டிகளில் எண்ணை மாற்றி எழுதினேன்.

கட்டுரை வெளிவந்தது. வெளிநாட்டில் கைதட்டினார்கள்.
பேராசிரியர் பதவி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது.

பதினோரு வருஷம் கழித்து ஒரு மாணவி
பழைய கண்ணாடித் தகடுகளை மறுபடி எண்ணினாள்.
கணக்கு இடறியது.
எச்சவேரி பெட்டிகளை வரவழைத்தார்,
மூடிகளை அருகருகே வைத்தார்,
என் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார்.
எனக்கு ஈரக்குலை நடுங்கியது.
அதை மட்டும் அவர் எடை போடவில்லை.

திருத்தம் ஆறு வரி. இதழின் கடைசிப் பக்கம்.
"பிழை என்னுடையது" என்றிருந்தது, ஒருமையில்.
அழைப்புகள் நின்றன. மேற்கோள்கள் வற்றின.
அடுத்த திங்கட்கிழமை என்னிடம் கேட்டது:
"ஹெமடாக்சிலின் தீர்ந்துவிட்டதா?"

வெட்டிய மடல் திரும்ப முளைப்பதில்லை என்பது
நிறையப் பேருக்குத் தெரியாது.
மிச்சமிருக்கும் மடல்கள்தான் பருத்து ஈடுகட்டும்.
எடை திரும்பும்,
வடிவம் திரும்பாது.

அதன்பின் அவர் பிணவறையில் கூடுதல் நாட்கள் நின்றார்,
முதலாண்டுப் பிள்ளைகளுக்கு, யாரும் எடுக்க விரும்பாத
எட்டு மணி வகுப்பை எடுத்தார்,
அந்த மாணவியின் கட்டுரையில்
கமாக்களைக்கூட இடம் மாற்றித் தந்தார்.

ஓய்வுபெற்ற நாளில் பேச்சு ஒரு நிமிஷம்கூட இல்லை.
"எப்படி நிற்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது"
என்றார். உட்கார்ந்துவிட்டார்.
துறைத்தலைவர் கைதட்டலாமா என்று
பக்கத்தில் பார்த்தார்.

கிடங்கைக் காலிசெய்ய ஆள் வந்தான்.
பதினாலாயிரம் மெழுகுக் கட்டிகள்.
இரண்டு பெட்டிகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
சில இரவுகளில், மூன்று மணி வாக்கில்,
எண்களைச் சரிசெய்யப் பேனாவை எடுப்பேன்.
மூடியைத் திறப்பேன்.
மை காய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன்.